எங்களவரும் நம்மவரும்: அலிகேட்ஸ் லோகநாதனின் குரலும் ஒரு சுவைஞனின் பயணமும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் இசை வாழ்வு குறித்து எழுதப்பெற்ற கட்டுரைகளைத் தொகுத்து நோக்கின், அவை பெரும்பாலும் சில துறைகளுக்குள் அடங்குவதைக் காணலாம். தோட்டப்புற நாட்டார் பாடல்கள், கோயில் சார்ந்த இசை, கருநாடக இசைப் பயிற்சி, தமிழ்த் திரைப்பாடலின் தாக்கம் என்பன அவை. 2006-இல் யோகி பி, நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ வெளிவந்த பின்னர்ச் சொல்லிசையும் இவ்வரிசையில் இடம்பெறலாயிற்று. ஆயினும், இந்நாட்டில் பிறந்த தமிழர்களுள் மிகப் பலரால் கேட்கப்பட்ட இரு குரல்கள் இவ்வரிசை எதனுள்ளும் அடங்கவில்லை. பினாங்கில் தோன்றிய அலிகேட்ஸ் இசைக்குழுவின் முதன்மைப் பாடகர்களாகிய டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் சகோதரர்களின் குரல்களே அவை. அவர்கள் மலாய்மொழியில் பாடினர். நம் திறனாய்வு அவர்களைக் கேட்காமல் விட்டதற்கு அதுவே காரணம்.

லோகநாதனின் குரலுக்கு இக்கட்டுரையாளர் மெல்ல மெல்ல ஆட்பட்ட வரலாற்றைச் சான்றாகக் கொண்டு, பிறமொழியில் பாடும் தமிழ்க் கலைஞரை நாம் எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்னும் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். திறனாய்வாளர் தம் அனுபவத்தைச் சான்றாகக் காட்டுவது முறையோ எனச் சிலர் ஐயுறலாம். இங்கு ஆராயப்படுவது கேட்பவரின் பிழையே. அப்பிழையை இழைத்தவன் நானாதலின், என்னையே சான்றாகக் கொள்வது தவிர்க்க இயலாததாயிற்று.

இவ்வாராய்ச்சிக்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் இளிவரல், பெருமிதம், உவகை ஆகிய மூன்றும் துணைகொள்ளப்படுகின்றன. செய்யுளுக்கென வகுக்கப்பட்ட கருத்தைச் சுவைஞனின் மனநிலைக்குப் பொருத்துவதில் சிறிது உரிமை எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது என்பதையும் இங்கேயே குறிப்பிடல் தகும்.

பினாங்குச் சூழல்

அலிகேட்ஸ் எத்தகைய ஊரில் தோன்றியது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1960-களின் ஜோர்ஜ்டவுன், துறைமுகத்தை நம்பி வாழ்ந்த நகரம். பட்டர்வொர்த் விமானத்தளத்தில் ஆஸ்திரேலியப் படையினர் குடும்பத்தோடு தங்கியிருந்தனர். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைவீரர்கள் விடுமுறையைக் கழிக்கப் பினாங்கிற்கு வந்தனர். மேலைநாட்டு ராக் இசையும் கறுப்பின அமெரிக்கரின் சோல் இசையும் இசைத்தட்டு வழியாக மட்டுமன்றி, அவற்றை விரும்பிக் கேட்ட மனிதர் வழியாகவும் இத்தீவில் கரையேறின. அவ்விசையை வாசித்துக் காட்டும் இளைஞருக்கு விடுதிகளிலும் நடன அரங்குகளிலும் வேலை இருந்தது.

மலாய் இசையுலகிலோ அது ‘பொப் யே யே’ காலம். கித்தார்க் குழுக்கள் ஊர்தோறும் முளைத்தன. நவீன மலாய் இசைக்கு வழிகோலிய பி. ரம்லி 1929-இல் பிறந்ததும் இப்பினாங்கிலேதான். இந்நாட்டுத் தமிழுலகமும் அப்போது எழுச்சியோடு இருந்தது. முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் கூடியது. ஒருபுறம் அறிஞர்கள் தமிழின் தொன்மையை உலகுக்கு எடுத்துரைக்க, மறுபுறம் பினாங்குத் தமிழ் இளைஞர் சிலர் கித்தார் நரம்புகளை முறுக்கிக்கொண்டிருந்தனர். இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே பத்தாண்டிற்கு உரியவை. எனினும் ஒன்றை மற்றொன்று அறியவில்லை.

1969-இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுக உரிமையை இழந்தது. வேலையின்மை பெருகிய அக்காலத்தில் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுச் சென்றோர் பலர். அலிகேட்ஸ் குழுவினரும் 1970-களில் ஹாங்காங் சென்று, அங்குள்ள விடுதிகளில் ஆங்கிலப் பாடல்களைப் பாடித் தேர்ச்சி பெற்றனர். அப்பத்தாண்டின் இறுதியில் மலாய்ப் பாடல்களைப் பதிவு செய்யத் தொடங்கிய பின்னரே அவர்கள் புகழ் நாடெங்கும் பரவிற்று. 1967-ஆம் ஆண்டுத் தேசிய மொழிச் சட்டத்திற்குப் பின்னர் மலாய்மொழி பள்ளியிலும் அலுவலகத்திலும் வலுப்பெற்று, எல்லா இனத்து இளைஞருக்கும் பொதுமொழியாகி வந்த காலம் அது. சுருண்டு பரந்த பெருங்கூந்தலோடு மேடையேறிய அச்சகோதரர்கள் அப்பொதுமொழியின் காதற்குரல் ஆயினர். ‘அலிகேட்ஸ்’ என்பதற்குச் சந்துகளில் திரியும் பூனைகள் என்பது பொருள். குறுஞ்சந்துகள் நிறைந்த ஜோர்ஜ்டவுனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அமைதல் அரிது.

முதல் நிலை: இளிவரல்

நான் அவர்களின் பாடலை விரும்பிக் கேட்டவனல்லன். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்படும் வரையில், தீவுக்கும் பெருநிலத்திற்கும் இடையே போவோர்க்குப் பெர்ரிப் படகே வழி. படகுத்துறைக் கடைகளிலும் ஒட்டுக்கடைகளிலும் பேருந்துகளிலும் அப்பாடல்கள் ஒலித்துக்கொண்டே இருந்தன. காற்றில் கலந்த தேநீர் மணத்தைப் போல அவையும் ஊரின் ஒரு பகுதியாக இருந்தமையால், அவற்றைத் தனியே கேட்க வேண்டும் என்னும் எண்ணம் எழவேயில்லை.

அக்காலத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். 1980-களின் இடைப்பகுதியில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை இங்குக் கூறுதல் வேண்டும். தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டிறுதி நிகழ்ச்சியில் நான்காம் படிவ மாணவன் ஒருவன் கித்தாரோடு மேடையேறி அலிகேட்ஸ் பாடல் ஒன்றைப் பாடத் தொடங்கினான். இரண்டாம் அடி முடிவதற்குள் நான் எழுந்து நிறுத்திவிட்டேன். “தம்பி, இது தமிழ்க் கழகம், தமிழ்ப் பாட்டு இருந்தால் பாடு, இல்லையென்றால் இறங்கு” என்றேன். அவன், “பாடுகிறவர் நம்ம ஆள்தான் சார்” என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு இறங்கிப்போனான். நான் விடை கூறவில்லை. கடமையைச் செய்ததாகவே அன்று நினைத்தேன்.

தமிழ்வகுப்புகளில் மாணவர் எண்ணிக்கை ஆண்டுதோறும் கவலை அளித்த சூழலில், ஓர் ஆசிரியனுக்கு எழுந்த அச்சத்தை முற்றிலும் தவறென்று தள்ளிவிட முடியாது. எனினும் அன்று என்னிடம் இருந்தது அச்சம் மட்டுமன்று, இளிவரலும் இருந்தது. நம்மவர் ஒருவர் பிறமொழியில் பாடிப் பெயர் பெறுவதை நம் குறைவின் அடையாளமாக என் மனம் கண்டது. இளிவரல் தோன்றும் நிலைக்களன்களுள் வருத்தத்தையும் மென்மையையும் தொல்காப்பியர் குறிப்பார். என் இளிவரலும் அவ்வாறு பிறந்ததே. தன் நிலையை மெலிந்ததாகக் கருதும் சமுதாயத்தின் காதுகள், பாடலைக் கேட்குமுன் அதன் மொழியைக் கேட்டுவிடுகின்றன.

இரண்டாம் நிலை: பெருமிதம்

இளிவரலிலிருந்து நேரே உவகைக்கு நான் சென்றிடவில்லை. இடையே பல ஆண்டுகள் பெருமிதத்தில் தங்கியிருந்தேன்.

மலாய் நண்பர் வீட்டுத் திருமணங்களிலும் ஆசிரியர் ஒன்றுகூடல்களிலும் இப்பாடல்களை எல்லாரும் சேர்ந்து பாடுவதைக் கண்டபோது, “பாடியவர் எங்கள் ஆறுமுகம் பிள்ளைகள்; எங்கள் பினாங்குத் தமிழர்” என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கினேன். ஒலிநாடாக்களை வாங்கினேன். அவற்றைக் கேட்டதைவிட, வந்தவர்க்குக் காட்டியதே மிகுதி. தண்ணீர்மலையில் தைப்பூசத்திற்கு வந்த தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் இச்சகோதரர்களைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருக்கிறேன். அவர் ஒரு பாடலைச் சொல்லும்படி கேட்டபோது, முழுமையாக ஒன்றன் பொருளையும் என்னால் சொல்ல இயலவில்லை.

தொல்காப்பியர் பெருமிதம் பிறக்கும் இடங்களாகக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கினைக் கூறுகிறார். அங்கு இசைமை என்பது புகழைக் குறிக்கும். இசை என்னும் சொல் தமிழில் பாட்டையும் புகழையும் ஒருங்கே உணர்த்துவது நாம் நன்கறிந்ததே. என் பெருமிதம் அவர்களின் இசைமையில் பிறந்தது, இசையில் பிறக்கவில்லை. அவர்கள் புகழ் பெறாதிருந்தால் நான் அவர்களை உரிமை கொண்டாடியிருக்க மாட்டேன்.

நம் சமுதாயக் கட்டுரைகளும் விழா மலர்களும் பெரும்பாலும் இந்நிலையிலேயே நின்றுவிடுகின்றன என்பது என் கருத்து. பிறதுறையில் பெயர் பெற்ற தமிழரைப் பட்டியலிடுகிறோம். பட்டியலிட்டபின் அவர் செய்ததைக் காண்பதில்லை. இதன் மற்றொரு வடிவம், பிறமொழிப் பாடலில் தமிழ்க்கூறுகளைத் தேடுவதாகும். நானும் அவ்வாறு தேடியவன். லோகநாதனின் குரல் நெகிழும் இடங்களில் கமகத்தின் சாயல் உள்ளதாகக் கூறி ஒரு கட்டுரை எழுத முயன்றேன். பலமுறை கேட்ட பின்னர், அங்கு நான் கேட்டது சோல் இசையிலிருந்து அவர் கற்ற நெகிழ்வையே என்பது தெளிவாயிற்று. கட்டுரையைக் கைவிட்டேன். அதற்காகத் திரும்பத் திரும்பக் கேட்க நேர்ந்ததே எனக்குக் கிடைத்த ஊதியம்.

மூன்றாம் நிலை: உவகை

அவ்வாறு கேட்டபோதுதான், இரு சகோதரர் குரல்களையும் வேறுபிரித்தறியவே எனக்கு இயலவில்லை என்பது புலப்பட்டது. இருபது ஆண்டுகள் உரிமை கொண்டாடிய குரல்களை நான் அறியவேயில்லை. எந்த அடியைப் பாடுபவர் யார் எனக் குறித்துவைத்துக் கேட்கத் தொடங்கினேன். ஓராண்டிற்குப் பின்னரே லோகநாதனின் குரல் எனக்குத் தனித்து ஒலித்தது. அதன்பின் அக்குரலைத் தேடியே பாடல்களைக் கேட்கலானேன். சுவைஞன் அடியவனாகும் இடம் அதுவே எனலாம்.

அக்குரலில் நான் கண்ட சிறப்புகள் இரண்டு. முதலாவது ஒலிப்பு. மலாய்மொழியில் வாயை முழுதும் திறவாது ஒலிக்கும் குறுகிய நடுவுயிர் ஒன்றுண்டு. தமிழில் அதற்கெனத் தனியெழுத்து இல்லாமையால், தமிழராகிய நாம் மலாய் பேசுகையில் பெரும்பாலும் அதனை முழு எகரமாகவே ஒலித்துவிடுகிறோம். ‘அன்பரின் குரல்’ எனப் பொருள்படும் ‘சுவாரா கெகாசிஹ்’ என்னும் பாடலின் பெயரிலுள்ள ‘கெ’ இத்தகையது. அச்சொல்லின் ஈற்றிலோ மெல்லிய மூச்சொலி ஒன்று உண்டு. இக்குறுக்கத்தையும் மூச்சையும் இச்சகோதரர்களின் பாடல்கள் பிழையின்றிக் காக்கின்றன. குற்றியலுகரத்தை மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்த எனக்கு, உயிரொலி தன் அளவில் குறைந்து ஒலிப்பதன் அழகைச் செவிவழி உணர்த்தியவர் ஒரு மலாய்ப் பாடகரே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது அடக்கம். அவர்களின் புகழ்பெற்ற பாடல்கள் பல பிரிவைப் பேசுபவை. ‘சம்பைக்கான் சலாம் சிந்தாக்கு’ என்பது என் காதல் வணக்கத்தைச் சேர்ப்பித்துவிடு எனப் பொருள்படும். நம் மரபில் வைத்துக் கூறின் அது தூது. ‘ஜிக்கா காவ் பெர்சிந்தா லாகி’ என்பது நீ மீண்டும் காதலிப்பாயாயின் என்பதாகும். ‘அண்டைஞா அக்கு பெர்கி டுலு’ என்பதன் பொருள் நான் முன்னரே சென்றுவிட்டால் என்பது. அழுதுபாட இடந்தரும் கருப்பொருள்கள் இவை. ஆயினும் லோகநாதன் பாடுமிடத்தில் குரல் கலங்குகிறதேயன்றி உடைவதில்லை. ஓங்கி ஒலிக்க வேண்டிய இடத்திலும் ஒருபடி கீழேயே நின்றுவிடுகிறது. எஞ்சியதைக் கேட்பவன் தன்னுள் நிரப்பிக்கொள்கிறான்.

இதனை அகமரபோடு ஒப்பிடலாம். அகத்திணைப் பாடலில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. பெயர் இல்லாமையால்தான் அத்தலைவனும் தலைவியும் எல்லார்க்கும் உரியர் ஆகின்றனர். மேற்காட்டிய மலாய்ப் பாடல்களிலும் இருப்பவர்கள் ‘அக்கு’, ‘காவ்’ ஆகியோர் மட்டுமே. நெருங்கியோரிடையே வழங்கும் தன்மை, முன்னிலைச் சொற்கள் இவை. பாடலுள் பேசுபவருக்கு இனமோ சமயமோ ஊரோ இல்லை. ஆறுமுகம் என்னும் தந்தையின் பெயரை மறைக்காமலே அச்சகோதரர்கள் அந்த ‘அக்கு’வாக நிற்க முடிந்தமைக்குக் காரணம் இவ்வகைப் பாடலின் இயல்பே ஆகும்.

இங்கு ஓர் ஒப்பீடு பயன்தரும். குயீன் குழுவின் பாடகர் பிரெடி மெர்க்குரி 1946-இல் சன்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பரூக் புல்சாராவாகப் பிறந்து, இந்தியாவில் பஞ்ச்கனியில் பள்ளிக்கல்வி பெற்றவர். அவருடைய இரசிகர் பலர் அப்பின்னணியை அறியாமலே அவரைப் போற்றினர். பினாங்குச் சகோதரர்களின் நிலை வேறு. அவர்கள் தமிழர் என்பதை நாடே அறிந்திருந்தது. அறிந்தே அவர்களைத் தம் குரலாக ஏற்றது. பெயரை மாற்றாமல் பொதுமையை அடைந்தமை அவர்களின் தனிச்சிறப்பாகும்.

பாடலாசிரியரும் பாடுநரும்

அப்பாடல்களை இயற்றியோரும் இசையமைத்தோரும் பெரும்பாலும் பிறர். சகோதரர்கள் பாடினர், அவ்வளவே என்று கூறுவோர் உளர். இது தமிழ்மரபு அறியாதார் கூற்று. பரிபாடலின் பாடல்கள் பலவற்றின் இறுதியில் இயற்றிய புலவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. சொல் ஒருவருடையதாகவும் இசை மற்றொருவருடையதாகவும் இருக்கலாம் என்பதையும், இருவரும் நினைக்கத்தக்கவர் என்பதையும் அத்தொகுப்பு ஒப்புக்கொள்கிறது. பாணரை வளர்த்த மரபிற்குப் பாடுநரைத் தனியே மதிப்பது புதிதன்று.

மொழி குறித்த தடையும் இத்தகையதே. தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனைகளைப் பாடும் தமிழ்ப் பாடகரைத் தமிழிசைவாணர் பட்டியலிலிருந்து நாம் நீக்குவதில்லை. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாடும், 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கமும் எழுப்பிய வினா நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. தமிழ் கேட்போர் நிறைந்த அவையில் தமிழ்ப்பாடல் ஏன் ஒலிக்கவில்லை என்பதே அவ்வினா. கேட்பவனுக்குத் தன் மொழியில் பாடல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. அவ்வடிப்படையைப் பினாங்கில் வைத்துப் பார்ப்பின், மலாயும் இங்குள்ள கேட்போரின் மொழியே. நாம் அதில் பேரம் பேசுகிறோம், சண்டையிடுகிறோம், நட்புக் கொள்கிறோம். அம்மொழியில் நம் காதலைக் கேட்பதற்கு மட்டும் ஏன் நாணினோம் என்பது விடை காண வேண்டிய வினாவாகும்.

எங்களும் நம்மும்

தமிழுக்கும் மலாய்க்கும் இனத்தொடர்பு இல்லை. எனினும் இருமொழிகளும் ஓர் இலக்கணக் கூறில் ஒன்றுபடுகின்றன. முன்னிலையாரை உளப்படுத்தும் தன்மைப் பன்மையையும், உளப்படுத்தாத தன்மைப் பன்மையையும் இரண்டும் வேறுபடுத்துகின்றன. தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’. மலாயில் ‘கீத்தா’, ‘காமி’. ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டிற்குத் தனிச்சொற்கள் இல்லை.

பெருமித நிலையில் நான் பயன்படுத்திய சொல் ‘எங்கள்’ என்பது. மலாய் நண்பரிடம், “எங்கள் பாடகர்” என்று சொன்னபோது அவரை விலக்கியே சொன்னேன். அவரோ அப்பாடலைத் தம் திருமணத்தில் பாடிக்கொண்டிருந்தார். அவருக்கு லோகநாதன் ‘கீத்தா’வுக்கு உரியவர். எனக்கு மட்டுமே ‘காமி’க்கு உரியவர். அன்று மேடையில் நின்ற மாணவன் “நம்ம ஆள்” என்று சொன்னதை இப்போது நினைக்கிறேன். அவன் ஆசிரியனாகிய என்னையும் உளப்படுத்தியே பேசினான். தன்மைப் பன்மையைக் கற்பித்தவன் நான். அதனைச் சரியாகப் பயன்படுத்தியவன் அவன்.

முடிவுரை

லோகநாதன் ஆறுமுகம் 2007 ஜூன் மாதம் மறைந்தார். அவர் மறைவுக்குப் பின்னும் டேவிட் அலிகேட்ஸ் பெயரில் தொடர்ந்து பாடினார். ஒரே ஊரில் வாழ்ந்தும் லோகநாதனை ஒருமுறையேனும் மேடையில் நேரிற் கேட்டறியாதவன் நான். கேட்க விரும்பிய காலத்தில் அதற்கான வாய்ப்பு இல்லை; வாய்ப்பிருந்த காலத்தில் விருப்பம் இல்லை. செய்தி வந்த அன்றிரவு, நான் முன்னரே சென்றுவிட்டால் எனப் பொருள்படும் அப்பாடலைக் கேட்க முடியாமல் ஒலிநாடாவைப் பேழையிலேயே வைத்துவிட்டேன். மறுநாள்தான் கேட்டேன்.

அடுத்த ஆண்டில், 2008-இல், ஜோர்ஜ்டவுன் உலக மரபுடைமை நகராக அறிவிக்கப்பெற்றது. கட்டடங்களுக்குக் காப்பு கிடைத்தது. அக்கட்டடங்களுக்கு இடையே ஒலித்த பாடல்களைக் காக்க நாமே முயல வேண்டும். இதன்பொருட்டு இரண்டு செயல்களை இத்துறையினர் முன் வைக்கிறேன். பினாங்கின் கித்தார்க் குழுக்களில் வாசித்த தமிழரின் நினைவுகளை, அவர்கள் வாழும்போதே தமிழில் பதிவு செய்தல் ஒன்று. தமிழ்-மலாய் ஒப்பிலக்கிய வகுப்புகளில் செய்யுளோடு பாடலையும், பாடலோடு பாடுநரையும் பாடப்பொருளாக்குதல் மற்றொன்று. இவை தமிழுக்குப் போட்டியாக அமையா; தமிழ் மாணவன் தன் இரு மொழிகளையும் ஒரே செவியால் கேட்கத் துணைபுரியும்.

இளிவரலில் ஒரு பத்தாண்டும் பெருமிதத்தில் இரண்டு பத்தாண்டும் கழித்த பின்னரே உவகையை அடைந்தேன். உவகை பிறக்கும் இடங்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் ‘புலன்’ என்பதைக் குறிக்கிறார்; அறிவு என்பது அதன் பொருள். செவிப்புலனின்றி இசையில் அவ்வறிவு வாய்ப்பதில்லை என்பதே என் அனுபவம். ஆசிரியர்கள் இவ்வழியை விரைந்து கடத்தல் வேண்டும். அம்மாணவன் அப்பாடலைப் பாடி முடிக்கும் வரையிலாவது நான் அமர்ந்திருக்கலாம்.